லெவல் எண்கள் எங்கிருந்து வந்தன? சியர்லீடிங்கின் கதை

சியர்லீடிங் தொடங்கியபோது அதில் ஒரு குட்டிக்கரணம்கூடக் கிடையாது. 1898 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றில், ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் நின்று எல்லோரையும் ஒரே குரலில் கத்த வைத்தார். அவ்வளவுதான். அந்தப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் அந்த இடத்துக்கு வரவே 1923 ஆகிவிட்டது!

1948இல் லாரன்ஸ் ஹெர்கிமர் டெக்சஸில் முதல் பயிற்சி முகாமை நடத்தினார். வந்தவர்கள் ஐம்பது பேருக்குச் சற்று அதிகம். பிறகு மெல்ல மெல்ல ஜிம்னாஸ்டிக்ஸ் உள்ளே வந்தது. பல்டி, ஆளைத் தூக்கி எறிவது, மனிதப் பிரமிட். யார் எதைச் செய்யலாம் என்று சொல்லப் பொது விதி எதுவும் இல்லை. 1986இல் வட டகோட்டாவில் ஒரு மாணவி பிரமிட் பயிற்சியில் விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு பாதுகாப்பு விதிகளுக்காகவே பயிற்சியாளர்களின் சங்கம் ஒன்று உருவானது.

பள்ளியோ கல்லூரியோ சாராத தனியார் ஜிம் அணிகளுக்கு அப்போதும் குழப்பம்தான். போட்டி நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தது. 2003இல் யுஎஸ்ஏஎஸ்எஃப் என்ற அமைப்பு வந்து, எல்லோருக்கும் ஒரே படிக்கட்டைக் கட்டியது. அதுதான் லெவல்.

இன்றைய படிகளைப் பாருங்கள். லெவல் 1இல் குட்டிக்கரணம், கார்ட்வீல். லெவல் 2இல் பேக் ஹேண்ட்ஸ்பிரிங். லெவல் 3இல் ஓடிவந்து பல்டி அடிக்கலாம். நின்ற இடத்திலேயே பல்டி அடிக்க லெவல் 4 வேண்டும். லெவல் 5இல் பல்டியோடு ஒரு முழுச் சுழற்சி, லெவல் 6இல் இரண்டு. தூக்குவதற்கும் இப்படித்தான். லெவல் 1இல் ஒருவரை இரு காலில் நிறுத்தித் தோள் உயரம் வரை தூக்கலாம். தலைக்கு மேல் கை நீட்டித் தூக்க லெவல் 2. அந்த உயரத்தில் ஒற்றைக் காலில் நிற்க லெவல் 3.

என் அக்கா மகள் "நான் லெவல் 2 மட்டும்தான் மாமா" என்று இழுப்பாள். அந்த "மட்டும்தான்" எனக்குப் பிடிக்கவில்லை. லிஃப்டுக்குள் "8 பேர்" என்று எழுதியிருக்கிறதே, அது லிஃப்டுக்குக் கொடுத்த மார்க் இல்லை. எவ்வளவு ஏற்றலாம் என்ற வரம்பு. லெவலும் அப்படித்தான். மேலே நிற்பவருக்கு எவ்வளவு தைரியம் இருந்தாலும், கீழே பிடிக்கும் மூன்று பேரும் தயாராக இருக்க வேண்டுமே! லெவல் 2 அணி லெவல் 3 வித்தையைச் செய்தால் பாராட்டு கிடைக்காது, புள்ளி குறையும். முழங்கால் மடங்காமல், ஆள் ஆடாமல், எல்லோரும் ஒரே கணத்தில் செய்தார்களா என்பதில்தான் போட்டி.

பழைய வீடியோ பார்ப்பவர்களுக்கு ஒன்று. 2019-20 பருவத்தில் எண்களை மாற்றினார்கள். அதுவரை லெவல் 5 என்று இருந்தது 6 ஆனது, பழைய 6 இப்போது 7. "கட்டுப்படுத்தப்பட்ட 5" என்று தனியாக இருந்ததே இன்றைய 5. எங்கள் துறையில் சாஃப்ட்வேருக்கு வெர்ஷன் எண் மாற்றுவதுபோலத்தான். ஆகவே 2015ஆம் ஆண்டு வீடியோவில் "லெவல் 5" அணி இரட்டைச் சுழற்சி அடித்தால் திகைக்க வேண்டாம். அது இன்றைய கணக்கில் லெவல் 6.