உதவி பெறும் மாணவன்: வட்டுக்கோட்டை செமினறி தரும் பாடம்

1841ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை தோன்றியது. தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த அப்பத்திரிகைக்கு முதல் ஆசிரியர்களாய் இருந்தோர் இருவர். ஒருவர் பெயர் ஹென்றி மாட்டின். மற்றவர் பெயர் சேத் பேசன். பெயரை மாத்திரம் கேட்போர், இவ்விருவரும் கடல் கடந்து வந்த வெள்ளையர் என்றே எண்ணுவர். ஆனால் இருவரும் யாழ்ப்பாணத் தமிழர். வட்டுக்கோட்டை செமினறியிற் கற்றுத் தேறியவர்கள். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என நம் இலக்கிய வரலாற்றிலே வழங்கும் வேறு பெயர்களையும் நேயர்கள் கேட்டிருப்பீர்கள். தமிழ்ப் பெயருக்கு முன்னே அந்நியப் பெயரொன்று எவ்வாறு வந்து அமர்ந்தது?

அது உதவிப் பணத்தோடு வந்த பெயர். அமெரிக்காவில் வாழ்ந்த அன்பர் ஒருவரோ, ஒரு திருச்சபையாரோ, யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவனின் விடுதிச் செலவை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் அன்று இருந்தது. செலவை ஏற்றவர் தாம் விரும்பிய பெயரை அம்மாணவனுக்கு இடலாம். தம் பெயரையோ, தாம் மதித்த போதகர் ஒருவரின் பெயரையோ அவர்கள் தெரிவித்து எழுதினர். சோறும் புத்தகமும் பெற்ற சிறுவன், அவற்றோடு புதிய பெயரையும் பெற்றான். உதவி பெறும் மாணவனிடம் உதவுவோர் எவற்றையெல்லாம் எதிர்பார்க்கலாம் என்னும் வினா நம் நாட்டில் எழுந்த முதற் களங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1816ஆம் ஆண்டில். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்கள் முதலில் நிலைகொண்டனர். ஊர்கள்தோறும் பள்ளிக்கூடங்களை அமைத்தனர். அவற்றிலே தேர்ந்த மாணவருக்கு உயர்கல்வி அளிக்கும் நோக்குடன் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் ஒரு நடுநிலையத்தை நிறுவினர். பின்னர் அதுவே செமினறி எனப் பெயர் பெற்றது. டானியேல் பூர் என்பார் அதன் முதல் அதிபர். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானசாத்திரம், தத்துவம் ஆகியன அங்கே கற்பிக்கப்பட்டன. பல்லாண்டுகளாக உணவு, உடை, உறையுள், நூல் எல்லாம் இலவசமாகவே வழங்கப்பட்டன. இந்நாட்டின் குடியேற்றச் செயலாளராய் இருந்த எமேசன் ரெனன்ற் இக்கலாசாலையின் தரத்தை ஐரோப்பியக் கல்விநிலையங்களோடு ஒப்பிட்டுப் பாராட்டினார்.

இத்துணைச் சிறந்த கல்வி நிபந்தனையின்றி வழங்கப்படவில்லை. மாணவர் விடுதியிலே தங்க வேண்டும். வழிபாட்டிற் கலந்துகொள்ள வேண்டும். வேதாகமத்தைப் படிக்க வேண்டும். சாதியாசாரத்தைப் பெரிதெனக் கொண்ட குடும்பங்களுக்கு, மிஷன் வளவிலே பிள்ளை உண்பதே ஒரு பெரும் பிரச்சினையாய் இருந்தது. 1824ஆம் ஆண்டில் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில், படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனமாகவும் ஒரு தொகை வழங்கப்பட்டது. பெண்ணைப் படிக்கவைப்பதை ஊரார் வீண் என்று கருதிய காலத்தில், அவ்வுதவி பல சிறுமியர்க்குக் கல்வியின் வாயிலைத் திறந்தது என்பதை மறுத்தல் இயலாது. ஆனால் அவ்வாயிலின் மறுபக்கத்தில் எந்த வழியாற் செல்ல வேண்டும் என்பதையும் அதுவே வகுத்துவைத்தது.

உதவியோர் தம் நோக்கத்தை மறைத்தாரில்லை. கிறிஸ்தவ போதகர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்குவதே தம் எண்ணம் என்பதை அவர்கள் வெளிப்படையாகக் கூறினர். இவ்வளவில் அவர்களை நேர்மையானவர் என்றே கொள்ளுதல் வேண்டும். எனினும், பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் தன் பெயரையும் பிற்கால நம்பிக்கையையும் குறித்து உடன்படிக்கை செய்யவல்லனா? வறுமையால் வாய்திறவாது இருந்த தந்தையின் சம்மதம், பிள்ளையின் மனச்சாட்சியையும் கட்டுப்படுத்துமா? இவ்வினாக்களுக்குச் சட்டம் விடை கூறவில்லை, காலமே கூறிற்று.

1833ஆம் ஆண்டில், கோல்புறூக் குழுவினரின் சிபார்சுகளை ஒட்டி இந்நாட்டின் ஆட்சிமுறை மாற்றியமைக்கப்பட்டது. ஆங்கிலங் கற்ற சுதேசிகளுக்கு அரசாங்க உத்தியோகத்தில் இடம் விரிந்தது. கோப்பித் தோட்டங்களும் வணிகமும் பெருகவே, எழுத்துவினைஞருக்கும் நிலஅளவையாளருக்கும் தேவை மிகுந்தது. செமினறி மாணவர் பலர் போதகராகாமற் கச்சேரிக்குச் சென்றனர். சம்பளத்தில் இருந்த வேற்றுமை பெரிது. வீட்டிலே தங்கைமாரும் கடனும் காத்திருந்தன. அவர்களைக் குறை கூறுதல் எளிதன்று. ஆனால் பொஸ்ரன் நகரில் இருந்து பணம் அனுப்பியோர், தாம் விதைத்தது ஒன்று, விளைந்தது வேறொன்று என மனங்குன்றினர். அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் நேரில் வந்து ஆராய்ந்தார். அதன் விளைவாக 1855ஆம் ஆண்டில் செமினறி மூடப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒளிவிட்ட கலைக்கூடம் இவ்வாறு அணைந்தது.

உதவி பெற்றோர் நன்றி மறந்தனரா? இதற்கு விடை காண, செமினறி மூடப்பட்ட இரண்டாம் ஆண்டை நோக்குவோம். 1857ஆம் ஆண்டில், புதிதாய் எழுந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய் இருவர் தேறினர். ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையின் மாணவர். பிற்காலத்தில் இருவரும் சைவ சமயத்தைத் தழுவினர். உதவியோரின் கணக்கேட்டின்படி இது நட்டமே. ஆயினும் தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடித் திரிந்து, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சிட்டு வெளியிட்டார். செல்லரித்து மறையவிருந்த நூல்கள் தமிழருக்கு மீண்டும் கிடைத்தன. அவர் பெற்ற கல்வியின் பயன் அவரோடு நின்றுவிடவில்லை. அவரை என்றும் கண்டிராத தலைமுறைகளையும் சென்று சேர்ந்தது.

இன்னொரு சான்றும் உண்டு. செமினறி மூடப்பட்டபின், அதன் பழைய மாணவரும் ஊர்ப் பெரியோரும் உயர்கல்விக்கு மீண்டும் ஓர் இடம் வேண்டும் என விடாது முயன்றனர். தம் கைப்பொருளைத் திரட்டினர். அமெரிக்காவிலிருந்தும் உதவி தேடினர். அம்முயற்சியின் பயனாக 1872ஆம் ஆண்டில் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. கச்சேரிக்குச் சென்றார்கள் என்று குறைகூறப்பட்டவர்களின் சம்பளப் பணத்திலும் ஒரு பங்கு பின்வந்த மாணவர்க்குப் பயன்பட்டது. இதனைக் கடன் தீர்த்தல் என்றே நான் கருதுகிறேன்.

தனியார் கொடை பொதுக் கொடையாக மாறியது இருபதாம் நூற்றாண்டிலே. கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாய் இருந்தபோது, 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்புமுதற் பல்கலைக்கழகம்வரை கட்டணமில்லை என்ற நிலை உருவாகியது. கட்டணம் நீங்கினும், தொலைவிலிருந்து வரும் ஏழை மாணவனுக்கு உணவுச் செலவும் உறைவிடச் செலவும் எஞ்சி நின்றன. அக்குறையைத் தீர்க்க 1981ஆம் ஆண்டில் மகாபொல நம்பிக்கை நிதியம் சட்டப்படி நிறுவப்பட்டது. திறமையும் வறுமையும் நோக்கிப் பல்கலைக்கழக மாணவருக்கு அது உதவிப்பணம் வழங்கலாயிற்று.

இங்கே மாணவனின் நிலை மாறிவிடுகிறது. அரசாங்கம் அவனுக்குப் பெயர் சூட்டுவதில்லை. அவன் எக்கோயிலுக்குச் செல்கிறான் எனவும் கேட்பதில்லை. தகுதி இருப்பின், கையேந்தி நில்லாது உரிமையோடு அவன் உதவியைக் கேட்கலாம். நிபந்தனை எதுவாயினும் அதனை ஒப்பமிடுமுன் முழுமையாய் அறியும் உரிமை அவனுக்கு உண்டு. ஒரே தகுதியுடைய இருவர் வேறுவேறாக நடத்தப்படலாகாது. உதவி மறுக்கப்பட்டால் அதன் காரணத்தைக் கேட்டறிவதும், பிழை நேர்ந்திருப்பின் முறையிடுவதும் நன்றிகெட்ட செயல்கள் அல்ல.

கடமையோ முன்னையதிலும் நுண்ணியது. அன்று பணம் தந்தவர் யார் என்பது மாணவனுக்குத் தெரியும். அவர் பெயரையே அவன் சுமந்தான். இன்று தருபவருக்கு முகமில்லை. சந்தையிலே வரி கொடுப்பவரும், தெருவோரத்தில் லொத்தர்ச் சீட்டு வாங்கும் கூலித்தொழிலாளியும் அக்கொடையாளருள் அடங்குவர். முகந்தெரியாதவரை ஏமாற்றுதல் எளிது. குடும்ப வருமானத்தைக் குறைத்துக் காட்டிப் பணம் பெறுபவன் அரசாங்கத்தை ஏமாற்றியதாக எண்ணுகிறான். உண்மையில் தன்னிலும் வறிய மாணவன் ஒருவனின் சோற்றைப் பறிக்கிறான். உண்மை கூறுதல், ஊன்றிப் படித்தல், பெற்றதைப் பெற்ற நோக்கத்துக்கே செலவிடுதல் என்பன முதற் கடமைகள். படித்தபின் சேவை செய்வதாகப் பிணைமுறி எழுதிக்கொடுத்திருந்தால், அதனை நிறைவேற்றுதல் அடுத்தது. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, தான் ஏறி வந்த ஏணியைப் பின்வருவோருக்காக விட்டுவைத்தல் வேண்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் வாக்கு. நினைக்கும்படியே அது பணிக்கிறது, அடிமையாகும்படி பணிக்கவில்லை. வட்டுக்கோட்டை மாணவர் தமக்கிட்ட பெயரைச் சுமந்தனர். சிலர் தமக்குக் காட்டிய வழியை விட்டும் விலகினர். ஆயினும் பெற்ற கல்வியை அவர்கள் தம்மோடு மாய்த்துவிடவில்லை. இன்று உதவிப்பணம் பெறும் மாணவ மாணவியர், நாளை முதற் சம்பளத்தைக் கையில் வாங்கும்போது, தம் ஊரிலே புத்தகம் வாங்க வழியின்றி நிற்கும் ஒரு பிள்ளையை நினைப்பாராயின், அப்பழைய செமினறியின் கதை இன்னும் முடியவில்லை என்று கொள்ளலாம்.