ஊசி, மூலிகை, மகப்பேறு: 1996 முதல் 2018 வரையிலான சோதனைகள்

குழந்தையின்மைக்கான அக்குபங்சரைப் பற்றிப் பேசுவோர் அதன் பழமையைத்தான் முதலில் சொல்வார்கள். சீன மரபில் மகளிர் மருத்துவம் பழையது என்பதில் ஐயமில்லை. ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் தம் மருந்து நூலில் பெண்களுக்கான முறைகளுக்கு முன்னிடம் தந்தார். 1237இல் சென் சிமிங் மகளிர் நோய்களுக்கென்றே ஒரு பெருநூலைத் தொகுத்தார். ஆனால் சோதனைக்குழாய் முறையில் கருவைக் கருப்பையில் வைக்கும் நாளன்று ஊசி குத்தும் வழக்கம் அந்த நூல்களிலிருந்து நேராக இறங்கி வந்ததல்ல. அது 1990களுக்குப் பிறகு, பெரும்பாலும் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கையில் உருவானது. சிகிச்சை ஏறக்குறைய அப்படியே இருக்க, ஒப்பீட்டு முறையும் எண்ணப்பட்ட விளைவும் மாற மாற முடிவுகளும் மாறின என்பதே இக்கட்டுரை காட்ட முயல்வது.

தொடக்கம் சுவீடனின் கோதன்பர்க். எலிசபெத் ஸ்டெனர்-விக்டோரின் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் பத்தே பெண்கள். எல்லோருக்கும் கருப்பைத் தமனியில் ரத்த ஓட்டத்துக்கான தடை கூடுதலாக இருந்தது. வாரம் இருமுறை, நான்கு வாரம், மின்னோட்டம் இணைத்த ஊசிகள். கடைசி முறைக்குப் பின் ஸ்கேனில் அந்தத் தடை குறைந்திருந்தது. ஒப்பிட வேறு குழு இல்லை. யாருக்குக் கரு தங்கியது என்பது அந்த ஆய்வின் கேள்வியும் இல்லை. ஆயினும் ஊசிக்கும் கருப்பைக்கும் இடையே உடலியல் சார்ந்த ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் பலரும் இதன்மேல்தான் நின்றார்கள்.

2002இல் ஜெர்மனியின் வொல்ஃப்காங் பவுலஸ் குழு, சீனாவின் ஊஹான் மருத்துவர்களுடன் சேர்ந்து வெளியிட்ட சோதனை உலகெங்கும் பேசப்பட்டது. 160 பெண்கள், இரு குழுக்கள். ஒரு குழுவுக்குக் கரு வைப்பதற்கு முன் 25 நிமிடமும் பின் 25 நிமிடமும் ஊசி. முன்னதற்கு மணிக்கட்டின் உட்புறம், உச்சந்தலை, அடிவயிறு, கெண்டைக்காலின் உட்பக்கம், பாதத்தின் மேற்பகுதி. பின்னதற்கு முழங்காலுக்குக் கீழே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எனப் புள்ளிகள் மாறின. காதிலும் சிறு ஊசிகள் உண்டு. ஊசி குத்திய 80 பேரில் 34 பேர் கருவுற்றனர். குத்தாத 80 பேரில் 21 பேர். அதாவது 42.5%, 26.3%. இந்த முறை பின்னர் பல நாடுகளின் கருத்தரிப்பு மையங்களில் அப்படியே பின்பற்றப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஊசி பெற்ற பெண்ணுக்கு ஊசி மட்டுமா கிடைத்தது? ஒருவர் பக்கத்தில் இருந்து கவனித்தார், அவளுக்கு நம்பிக்கையும் பிறந்தது. இவற்றைப் பிரித்தெடுக்க ஒரு பொய் ஊசி தேவை. அதை ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த ஸ்ட்ரைட்பெர்கரும் கிளைன்ஹென்ஸும் 1998இலேயே ‘லான்செட்’ இதழில் அறிமுகப்படுத்தியிருந்தார்கள். முனை மழுங்கிய ஊசி. அழுத்தினால் நாடகக் கத்தியைப் போலத் தன் பிடிக்குள்ளேயே நழுவிவிடும். தோலில் ஒட்டிய வளையமும் பிளாஸ்திரியும் அதை நிமிர்த்தி நிறுத்தும். குத்துவது போன்ற உணர்வு இருக்கும், தோல் துளைபடாது.

பவுலஸ் குழுவே 200 பெண்களிடம் பொய் ஊசியை வைத்து மறுபடி சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டது. கருவுற்றவர்கள் உண்மை ஊசிக் குழுவில் 43%, பொய் ஊசிக் குழுவில் 37%. புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. சொந்த முடிவைத் தாங்களே உரசிப் பார்த்த அந்த நேர்மை பாராட்டுக்குரியது. ஆனால் இது மாநாட்டுச் சுருக்கமாக வந்தது. 2002இன் கட்டுரைக்குக் கிடைத்த வெளிச்சம் இதற்குக் கிடைக்கவில்லை.

2008இல் எரிக் மன்ஹைமர் குழு ஏழு சோதனைகளை, 1,366 பெண்களை, ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது அக்குபங்சர் கருவுறும் வாய்ப்பைக் கூட்டுவதாகத் தெரிந்தது. மறு ஆண்டே ஹாங்காங்கிலிருந்து வந்த சோதனை எல்லோரையும் திகைக்க வைத்தது. 370 பெண்களில் பொய் ஊசி பெற்றவர்களில் 55.1% பேருக்குக் கர்ப்பப் பரிசோதனை உறுதியானது. உண்மை ஊசிக் குழுவில் 43.8% தான். பொய் ஊசியின் அழுத்தமே ஏதோ செய்கிறதா, உண்மை ஊசி கெடுக்கிறதா, தற்செயலா? ஒரே சோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது. மன்ஹைமர் 2013இல் 16 சோதனைகள், 4,021 பெண்கள் என விரித்துப் பார்த்தபோது முந்தைய நன்மை மறைந்திருந்தது. கருவுறும் விகிதம் ஏற்கெனவே குறைவாக இருந்த மையங்களில் மட்டும் ஊசி உதவுவது போன்ற ஒரு சாயல் எஞ்சியது.

இந்த வரிசையில் மிகக் கனமானது, 2018இல் வெளியான, கரோலின் ஸ்மித் தலைமையில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களிடம் நடந்த சோதனை. 228 பேரிடம் சோதித்து, கருவுறுதலில் 31%, 23% என்ற, புள்ளியியல் உறுதி இல்லாத வேறுபாட்டை 2006இல் வெளியிட்டவர் அவரே. இம்முறை அவர் எண்ணியது உயிருடன் பிறந்த குழந்தைகளை. உண்மை ஊசிக் குழுவில் 18.3%, பொய் ஊசிக் குழுவில் 17.8%. என் மதிப்பில், கரு வைக்கும் சமயத்து ஊசி பற்றிய கேள்விக்கு இதுவே தெளிவான விடை. ஊசி மனதுக்கு இதமாக இருக்கிறது என்று விரும்பி எடுத்துக்கொள்ளும் பெண்ணை யாரும் தடுக்க வேண்டியதில்லை. கரு தங்கும் என்று உறுதி சொல்லிக் கட்டணம் வாங்குவதற்குத்தான் இனி ஆதாரம் இல்லை.

ஹார்மோன் கோளாறான நீர்க்கட்டிப் பிரச்சினையில், அதாவது பி.சி.ஓ.எஸ்.ஸில், ஊசி சினைமுட்டை வெளிவருவதைத் தூண்டலாம் என்ற எதிர்பார்ப்பு தனியாக இருந்தது. ஹார்பின் நகரின் ஊ சியாவ்கே தலைமையில் சீனாவில் 1,000 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில் முன்னர் கோதன்பர்க் ஆய்வை நடத்திய ஸ்டெனர்-விக்டோரினும் பங்கேற்றார். சினைமுட்டை வெளிவருவதைத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை எடுத்தவர்களில் 28.7% பேருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15.4% பேருக்கும் குழந்தை பிறந்தது. அதே பெண்களை ஊசிவாரியாகப் பிரித்தால், உண்மை ஊசிக்கு 21.8%, ஒப்பீட்டு ஊசிக்கு 22.4%. மாத்திரை வேலை செய்தது. வாரம் இருமுறை குத்திய ஊசி எதையும் கூட்டவில்லை. அக்குபங்சர் பிறந்த நாட்டிலேயே, அதன்மேல் பற்றுள்ளவர்களே இதை வெளியிட்டார்கள் என்பதால் இந்த முடிவின் எடை கூடுகிறது.

மூலிகைகளின் கதை இவ்வளவு ஒழுங்காக இல்லை. சீன மருத்துவர் நாடி பார்த்து ஆளுக்கு ஆள் கஷாயத்தை மாற்றுவார். அதை ஒரே மாத்திரையாக்கிச் சோதிப்பது எளிதல்ல. பி.சி.ஓ.எஸ். பெண்களின் கருவுறுதலுக்கான சீன மூலிகைகளைப் பற்றிய காக்ரேன் மதிப்பாய்வு 2016இல் ஏற்றுக்கொண்டவை 5 சோதனைகள், 414 பெண்கள். அவற்றில் ஒன்றுகூட எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று தெரிவிக்கவில்லை. கருவுற்றதோடு கணக்கை மூடிவிட்ட ஆய்வு, தாயாகக் காத்திருப்பவளுக்கு எதைச் சொல்லும்?

விதிவிலக்கு பெர்பெரின். சீனரின் ஹுவாங்லியான் வேரிலும் நம் மரமஞ்சளிலும் உள்ள மஞ்சள் நிற வேதிப்பொருள் இது. ஊ சியாவ்கே குழு இதை 644 பி.சி.ஓ.எஸ். பெண்களிடம் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டது. குழந்தை பிறந்தது, சினைமுட்டையைத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரைக்கு 36%, பெர்பெரினுக்கு 22%, இரண்டும் சேர்ந்தால் 34%. வயது முப்பத்தாறைத் தாண்டிய பெண்ணை ஆறு மாதம் மூலிகையோடு காத்திருக்கச் சொல்பவர் இந்த மூன்று எண்களையும் அவளிடம் சொல்ல வேண்டும். மூலிகை என்பதால் தீங்கில்லை என்றும் கொள்ள முடியாது. பிறந்த குழந்தைகளின் மஞ்சள் காமாலையைக் காரணம் காட்டிச் சிங்கப்பூர் 1978இல் பெர்பெரினைத் தடை செய்தது. மறுஆய்வுக்குப் பின் 2013 முதல்தான் படிப்படியாகத் தளர்த்தியது.

மூலிகைப் பக்கத்தில், கருத்தரிப்புக்கு வெளியே, நல்ல சான்றும் ஒன்று உண்டு. நம் நொச்சியின் பேரினத்தைச் சேர்ந்த ஐரோப்பியச் செடியொன்றின் காயிலிருந்து எடுத்த சாரம், மாதவிலக்குக்கு முந்தைய எரிச்சல், மார்பகக் கனம் முதலியவற்றுக்கு ஜெர்மனியில் 170 பெண்களிடம் சோதிக்கப்பட்டது. 2001இல் வெளியான முடிவுப்படி மூன்று மாதவிலக்குச் சுழற்சிகளுக்குப் பின் மருந்து எடுத்தவர்களில் 52% பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 24% பேருக்கும் தொல்லை பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது. அங்கே சோதித்தது காய்; நம் வீடுகளில் ஆவி பிடிக்க எடுப்பது வேறொரு நொச்சியின் இலை. அந்த 52% நம் நொச்சிக்குப் பொருந்தாது, கருத்தரிப்புக்கும் பொருந்தாது.