கண்ணோட்டமும் ஒற்றாடலும்: கோலார் தங்கவயல் கற்பிக்கும் பாடம்

திருக்குறளில் அருளுடைமை துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளது. கண்ணோட்டமோ பொருட்பாலின் அரசியலில், 58ஆம் அதிகாரமாக அமைகிறது. துறவியின் இரக்கம் வேறு, ஆள்பவரின் இரக்கம் வேறு என்பதை இவ்வைப்புமுறை உணர்த்துகிறது. கண்ணோட்டத்தை அடுத்து வருவது ஒற்றாடல். இரண்டும் பார்வை சார்ந்தவை: ஒன்று பிறர் துன்பத்தின்மேல் செல்லும் கண், மற்றது பிறரை வேவு பார்க்கும் கண். பணியிடத்தில் ‘பரிவுள்ள தலைமை’ என இன்று பேசப்படுவதை இவ்வேறுபாட்டின் வழியே ஆராய, கோலார் தங்கவயலின் வரலாறு தக்க சான்றாகும்.

கோரமண்டல், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் எனப் பரந்த இவ்வயலை 1880களிலிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வகித்தது. சுரங்கத்தில் இறங்கியோர் பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர்கள். நிர்வாகம் அவர்களுக்கு மருத்துவமனை அமைத்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சுரங்க இயந்திரங்களை இயக்கியது. தொழிலாளர்களோ மூங்கில் தட்டி வீடுகளில் வாழ்ந்தனர்.

பொன் திருட்டு நிர்வாகத்தின் ஓயாத கவலை. தொழிலாளரைப் பார்த்த கண்ணில் அந்த ஐயம் நிலைத்திருந்தது. 1930இல் கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் முறை அறிவிக்கப்பட்டபோது வேலைநிறுத்தம் வெடித்து 21 நாட்கள் நீடித்தது. அன்று அவர்களுக்கு அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம் இல்லை. காலனிய இந்தியாவில் கைரேகை என்பது காவல்துறையோடும் குற்றப்பரம்பரைச் சட்டத்தோடும் பிணைந்திருந்தது. எனவே போராட்டத்தைத் தூண்டியது கூலிக் கணக்கு மட்டுமன்று. தங்களைக் குற்றவாளிகளாகக் காணும் பார்வைக்கு எதிரான தன்மான உணர்வும் ஆகும்.

அதே உடலில் வேறொரு பதிவும் நிகழ்ந்துகொண்டிருந்தது. பாறையைத் துளைக்கையில் எழும் சிலிக்காத் துகள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயை உண்டாக்கியது. மைசூர் சமஸ்தானத்தின் சிலிகோசிஸ் விதிகள் 1940இல் வந்தன. 1940களில் 7,653 தொழிலாளரிடம் நடந்த ஆய்வு, அவர்களுள் பத்தில் நால்வருக்கு மேல் அந்நோய்க்கு ஆளாகியிருந்ததைக் காட்டியது. விரலைப் பதியத் துடித்த ஆண்டுக்கும் நுரையீரலைப் பற்றிய விதி வந்த ஆண்டுக்கும் இடையே பத்து ஆண்டுகள். அதற்கும் முன்னரே ஒரு தலைமுறைக்கு மேல் அத்துகளை உள்ளிழுத்திருந்தது.

பரிவுள்ள தலைமைக்குக் கவனித்தல், புரிந்துகொள்ளல், உடனுணர்தல், உதவுதல் என நான்கு கூறுகளை வகுக்கிறார் பிரித்தானிய உளவியலாளர் மைக்கேல் வெஸ்ட். தங்கவயல் இவற்றுள் முதற்கூறையே கேள்விக்கு உட்படுத்துகிறது. அங்கே கவனிப்புக்குக் குறைவில்லை. எதைத் தேடிக் கவனித்தார்கள் என்பதே சிக்கல். மருத்துவமனை தருவது கொடை. தூசியைக் குறைப்பதும், இழப்பீடு தருவதும், தொழிலாளர் சொல்லுக்குச் செவிசாய்ப்பதும் கடமை. கொடையைத் தருபவர் விரும்பியபோது நிறுத்திவிடலாம். கடமையை அவ்வாறு நிறுத்த இயலாது. அது கேட்டுப் பெறும் உரிமையாகிவிடுகிறது.

2001இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை மூடியது. அன்று 21 நாட்கள் எதிர்க்கப்பட்ட கைரேகை, இன்று அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் வருகைப் பதிவாக நாள்தோறும் பெறப்படுகிறது. பரிவைப் பற்றிப் பயிலரங்கு நடத்தும் நிறுவனம், தன் பணியாளர் எத்தனை மணிக்கு வந்தார் என்பதை அறிந்திருக்கும். அவர் எந்தத் துகளை உள்ளிழுக்கிறார் என்பதை அறிந்திருக்கிறதா?