ஏடும் வன்தட்டும்

சென்ற ஆண்டு மார்கழியில், ஆழிப்பேரலை நினைவுநாளுக்குச் சில நாட்கள் முன்பு, திராய்மடுவிலிருந்து ஓர் அம்மா என் வீடு தேடி வந்தார். 2004 டிசம்பர் 26 வரை அவர் நாவலடியில் வாழ்ந்தவர். ஒருபுறம் கடல், மறுபுறம் மட்டக்களப்பு வாவி, நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அதுதான் நாவலடி. அன்று காலை கடல் அந்த ஊரின் மேலாக வாவிக்குள் புகுந்தது. கணவரையும் வீட்டையும் அவர் அன்று இழந்தார். வீட்டோடு போனவற்றுள் கலியாணப் படங்களும் அடக்கம்.

"தம்பி, நீங்க முந்தி மீன்பிடிகாரரப் பத்தி எழுதக்குள்ள அவரையும் படம் எடுத்தீங்களே, அது இரிக்கா? பேரப்பிள்ளைக்குக் காட்ட அவர்ர முகம் ஒண்டும் எங்களிட்ட இல்ல."

இருக்கிறது என்று உடனே சொல்லிவிட்டேன். போர்நிறுத்தம் நிலவிய 2003இல் எனது முதலாவது டிஜிட்டல் கமராவால் எடுத்த படம் அது. அக்காலத்துப் படங்களையும் கட்டுரைகளையும் முதலில் இறுவட்டுகளிலும், பின்னர் ஒரு புறநிலை வன்தட்டிலும் சேமித்து அலுமாரியில் வைத்திருந்தேன். அவர் போன பின்னர் வன்தட்டைக் கணினியில் இணைத்தேன். 'பயன்படுத்துவதற்கு முன் இதனை வடிவமைக்க வேண்டும், செய்யவா?' என்று திரை கேட்டது. இறுவட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பலவற்றைக் கணினி வாசிக்கவே இல்லை.

எங்கள் பிரதேசத்தில் ஆவணம் அழிவது புதிய செய்தியன்று. ஓலைச்சுவடிக்கு ஈரக்காற்றும் கறையானும் செல்லும் நிரந்தரப் பகை. ஆகவே நம் முன்னோர் ஏட்டை ஒருபோதும் நிரந்தரமானதாகக் கருதவில்லை. பழைய ஏடு நைந்துபோகுமுன் புதிய ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது பாடப்படும் 'கண்ணகி வழக்குரை' இவ்வாறு கைமாறி வந்த நூலே. வித்துவான் வி.சீ. கந்தையா 1968இல் அதனைப் பதிப்பித்தார். அதற்கு முன்பே, 1962இல், எப்.எக்ஸ்.சி. நடராசா 'மட்டக்களப்பு மான்மியம்' என்ற ஏட்டை அச்சேற்றியிருந்தார். நம் குடிகளின் வரலாற்றை ஆராய்வோர் இன்றும் முதலில் புரட்டும் நூல்களுள் அதுவும் ஒன்று. எவரோ பெயர் தெரியாத ஒருவர் உரிய காலத்தில் படியெடுத்திராவிட்டால் இவ்விரண்டும் அச்சுக்கு வந்திரா.

1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிடுங்கியபோது, வீடுகளிலிருந்த உறுதிகளும் கடிதங்களும் புத்தகங்களும் மழையில் ஊறிப்போயின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இருந்த நூலை மீண்டும் தேடிப்பெற முடிந்தது. ஒரேயொரு பிரதியாக இருந்த ஏடு போனது போனதுதான்.

இத்தனையும் அறிந்த நான், இருபது ஆண்டு உழைப்பை ஒரேயொரு பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தேன். அந்த வெட்கத்தோடுதான், கணினித்துறையில் பணிபுரியும் என் மருமகனை அழைத்தேன்.

அவர் முதலில் சொன்னது, "மாமா, அதில இனி எதையும் எழுதாதீங்க" என்பதே. அவர் விளக்கியதைச் சுருக்கமாகத் தருகிறேன். வன்தட்டில் கோப்புகள் ஓரிடத்திலும், எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்ற அட்டவணை வேறோரிடத்திலும் இருக்கின்றன. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றாலோ, முறைப்படி விடுவிக்காமல் வடத்தை இழுத்தாலோ, தட்டின் ஒரு பகுதி பழுதடைந்தாலோ அந்த அட்டவணை சிதையக்கூடும். நூலகத்தின் பெயர்ப்பட்டியல் தொலைந்தாலும் புத்தகங்கள் இராக்கையில் இருப்பதைப் போல, கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். 'வடிவமைக்கவா' என்ற கேள்விக்கு ஆம் என்றால், கணினி புதிய வெற்றுப் பட்டியலை எழுதிவிடும். மீட்பு மேலும் கடினமாகும். பிழைதிருத்தும் கட்டளைகளையும் பழுதான மூலத்தின் மீது ஓடவிடக் கூடாது. அவையும் தட்டில் எழுதுபவையே.

முதலில் வடத்தையும் இணைப்புத் துளையையும் மாற்றிப் பார்த்தார். போதிய மின்சாரம் கிடைக்காததாலும், வாவியோர உப்புக்காற்றில் முனைகள் துருப்பிடித்ததாலும் நல்ல வன்தட்டுகூடப் பழுதானதுபோல் நடிக்குமாம். பயனில்லை. 'டக், டக்' என்ற ஓசை கேட்கிறதா என்று காதை வைத்தார். கேட்டிருந்தால் உடனே நிறுத்திவிட்டு, உரிய கூடம் உள்ளவர்களிடம் கொடுப்பதே வழி. நல்லவேளையாக ஓசை இல்லை. பின்னர் 'டிடிரெஸ்கியூ' என்ற இலவச மென்பொருளால் முழுத்தட்டையும் வேறொரு வன்தட்டுக்கு அப்படியே படியெடுத்தார். வாசிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான பகுதிகளுக்கு அது பின்னர் திரும்பி வரும். படியெடுக்க இரண்டு நாட்கள் சென்றன. மூலத்தை எடுத்து வைத்துவிட்டு, படியின் மீது 'போட்டோரெக்' என்ற மென்பொருளை ஓட்டினார். ஜேபெக் படம் எதுவும் ஒரே வகையான தொடக்கக் குறியுடன் ஆரம்பிப்பதால், அட்டவணை இல்லாமலே அக்குறியைத் தேடிப் படங்களைப் பொறுக்கியெடுக்க முடிகிறது.

பல்லாயிரம் படங்கள் மீண்டன. ஆனால் நான் இட்டிருந்த கோப்புப் பெயர்கள் எல்லாம் அட்டவணையோடு போய்விட்டன. கமரா பதிந்த திகதி படத்துக்குள்ளேயே இருந்தமையால் அது தப்பியது. ஊர், ஆள், காரணம் என்று நான் எழுதிய எதுவும் தப்பவில்லை. ஒரு படத்தை வரலாற்று ஆவணமாக்குவது அந்தப் பெயர்தான்.

கட்டுரைகளின் கதை வேறு. திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்ததைக் கண்டு, எல்லாம் சிதைந்துவிட்டன என்றே எண்ணினேன். உண்மையில் அவை பழுதாகவில்லை. அக்காலத்தில் நாம் தட்டெழுதிய பாமினி எழுத்துரு புதிய கணினியில் இல்லை, அவ்வளவே. சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' போன்ற எழுத்துரு மாற்றிகள் அவற்றை யுனிகோடுக்குக் கொண்டுவர உதவுகின்றன. பாமினிக் கோப்புகளைப் 'பழுது' என்று அழித்துவிட்ட நண்பர்களை நான் அறிவேன். புலம்பெயர் தேசங்களில் பழைய கணினிகளைக் கழிப்போர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

அந்த அம்மாவுக்குரிய படமா? 2003ஆம் ஆண்டுப் படங்களைத் திகதிவாரியாகப் பிரித்து, ஒரு மாலை முழுவதும் அவரும் நானும் திரையின் முன் இருந்தோம். பல முகங்களுக்கு அவரே பெயர் சொன்னார். இன்னார் மகன், இந்தத் தோணிக்காரர், இவர் அன்று போனவர், இவர் இப்போது கட்டாரில். நான் எழுதிக்கொண்டேன். இரவு எட்டு மணியளவில் அவர் கணவரின் படம் வந்தது. மேற்பாதி மட்டுமே மீண்டிருந்தது. ஜேபெக் படம் மேலிருந்து கீழாக விரிவதால், கோப்பின் பிற்பகுதி சிதைந்தால் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிடும். வலையும் அதைப் பிடித்த கைகளும் போய்விட்டன. முகம் முழுமையாக இருந்தது.

"இது போதும் தம்பி" என்றார்.

அவருக்குப் போதும். எனக்குப் போதாது. இப்போது என்னிடம் எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள் உள்ளன. ஒன்று வீட்டில், ஒன்று கொழும்பில் மகளிடம், மற்றையது இணையச் சேமிப்பில். ஆண்டுக்கொருமுறை திறந்தும் பார்க்கிறேன். படங்களின் பெயர்களைத் தனிப் பட்டியலாக எழுதி, கடதாசியிலும் அச்சிட்டு வைக்கிறேன். பொதுப் பயனுள்ளவற்றை, 2005இல் ஆரம்பிக்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்கு வழங்க எண்ணியுள்ளேன்.

உங்கள் அலுமாரியிலும் ஒரு வன்தட்டு இருக்கக்கூடும். இந்தக் கிழமையே அதைத் திறந்து பாருங்கள். திறந்தால் படியெடுங்கள். திறக்காவிட்டால், எதையும் எழுதாமல், விபரம் அறிந்த ஒருவரை அழையுங்கள். படங்களிலுள்ள முகங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.