பாடம் தேரும் வயது

வேலூர் ஊரிசு கல்லூரியை 1898இல் தொடங்கியது அமெரிக்க ஆற்காடு மிஷன். அங்குப் பயின்றவர்கள் எழுதியதோ சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வு. அப்பல்கலைக்கழகம் 1857இல் இலண்டன் பல்கலைக்கழகத்தை அடியொற்றி எழுந்தது. ஆக, அமெரிக்கர் நடத்திய வகுப்பில் ஆங்கிலேயர் வகுத்த தேர்வு என்றுதான் நம் வட்டார உயர்கல்வி தொடங்கியது. இன்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பிள்ளைகள் இளங்கலைக்கே கடல் கடக்க எண்ணும்போது, அந்த இரு மரபுகளையும் தனித்தனியே சீர்தூக்க வேண்டியிருக்கிறது.

ஆக்சுபோர்டு உயர்ந்ததா, ஹார்வர்டு உயர்ந்ததா என்று வழக்காடுவது வீண். மாணவர் எந்த வயதில் பாடத்தைத் தேர வேண்டும் என்பதில்தான் அவை பிரிகின்றன.

ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஓராண்டில் விண்ணப்பிக்கலாம். அதையும் முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே, இன்ன பாடம் என்று குறித்து அனுப்பிவிட வேண்டும். நேர்காணலில் துருவுவது அந்தப் பாடத்தைத்தான். விளையாட்டுக் கோப்பைகள் அங்கே உதவா. பெரும்பாலான பாடங்களுக்குப் படிப்பு மூன்றாண்டு. ஆக்சுபோர்டில் இரண்டு மூன்று மாணவர்கள் ஆசிரியர் அறையில் அமர்ந்து, தாங்கள் எழுதிய கட்டுரைக்குத் தாங்களே வாதாட வேண்டும். மனப்பாடம் அங்கே ஐந்து நிமிடம் தாங்காது.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டனில் பட்டப்படிப்பு நான்காண்டு. முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டில் அறிவித்தால் போதும். அதுவரை வேதியியலோடு வரலாறும் பொருளாதாரமும் படித்துப் பார்க்கலாம். இம்மூன்றும் வெளிநாட்டு மாணவரைக்கூடக் குடும்பத்தின் பணநிலை பாராமல் தேர்ந்து, தேவையான உதவியை முழுமையாக அளிக்கின்றன. பிரிட்டனில் வெளிநாட்டு இளங்கலை மாணவருக்கு உதவித்தொகை மிகக் குறைவு. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் தாயின் மகளுக்கு, இடம் கிடைக்குமானால், கட்டணம் மிகுந்ததாகத் தோன்றும் அமெரிக்காவே கைக்கு எட்டும்.

ஊரிசில் பயின்று சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தத்துவத்தைத் திட்டமிட்டுத் தேரவில்லை. உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவ நூல்களைக் கொடுத்தார், அதுவே பாடமாயிற்று. 1936இல் அவர் ஆக்சுபோர்டில் ஸ்பால்டிங் பேராசிரியரானார். அத்தகைய நல்வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது. நம் ஊர்களில் கணக்குவழக்குக்கு ஒருவன், டேனரிக்கு ஒருவன் என்று பாடத்தை வீடே பங்கிட்டுவிடுவதும் உண்டு. அப்படிப் பங்கிடப்பட்ட பிள்ளை பிரிட்டனுக்குப் போனால், பிடிக்காத பாடத்திலிருந்து வெளியேறுவது எளிதன்று.

வேறொரு வழியும் இருக்கிறது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய நாயுடம்மா, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்தபின்பே பிரிட்டனின் நார்தாம்ப்டனில் தோல் தொழில்நுட்பமும், அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியும் மேற்கொண்டார். தேவை தெளிந்தபின் கடல் கடந்ததால் இரு நாடுகளும் அவருக்குப் பயன்பட்டன.

பன்னிரண்டாம் வகுப்பிலேயே ஒரு பாடத்தின் மேல் தணியாத பசியுள்ள பிள்ளைக்குப் பிரிட்டன் ஏற்றது. பசி இன்னதென்று தெரியாத பிள்ளைக்கு அமெரிக்கா. பசி பெற்றோருக்கு மட்டுமே என்றால், பிள்ளை உள்ளூரில் பட்டம் முடிக்கும்வரை பொறுத்திருப்பதே நல்லது.