பள்ளிப் பிள்ளையின் தலைக்கு வந்த கவசம்

பினாங்கில் பள்ளிக்கூடம் பழையது, வேகம் புதியது. 1816-ஆம் ஆண்டில் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தோன்றியபோது ஜார்ஜ் டவுன் வீதிகளில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே ஓடின. மின்சார டிராம் 1906-ல்தான் வந்தது. கடைவீட்டு அஞ்சடியோரமாக நடந்து பள்ளி சென்ற பிள்ளைகள், பிற்காலத்தில் தந்தையின் மோட்டார் சைக்கிளில் பின்னே அமர்ந்து செல்லலாயினர். பழைய வீதிகளோ அகலவில்லை.

சிறு பிள்ளைக்கு உடலை நோக்கத் தலை பெரிது; கழுத்தோ வலுவற்றது. மண்டையோட்டினுள் மூளை நீரில் மிதப்பது போல் அமைந்திருக்கிறது. ஓடு தரையில் மோதித் திடீரென நின்றாலும் மூளை உடனே நிற்பதில்லை. உள்ளேயே மோதியும் முறுக்குண்டும் ஊறுபடுகிறது. எலும்பு முறியாமலே மூளை கெடக்கூடும் என்பது இதனாலேயே. காயம் ஆறிப் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைக்கும் மறதி, கவனச் சிதறல், காரணமற்ற சினம் ஆகியவை தொடர்வதுண்டு. அதனைச் சோம்பல் என்றெண்ணிக் கடிந்துகொள்வோர் எத்தனை பேர்!

இதற்கான காப்புப் பிறந்த கதை விந்தையானது. அரேபியப் போரில் புகழ்பெற்ற லாரன்ஸ், 1935 மே 13-ஆம் நாள் இங்கிலாந்தின் டார்செட் வட்டாரச் சாலையில் மோட்டார் சைக்கிளில் விரைந்துகொண்டிருந்தார். முன்னே சைக்கிளில் சென்ற இரு சிறுவர்களைக் கண்டு வண்டியைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். மே 19-ல் மாண்டார். சிறுவர் இருவரும் பிழைத்தனர். லாரன்சைப் பார்க்க வந்த மருத்துவர்களுள் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் பின்னர் இத்தகைய விபத்துகளை ஆராயலானார். 1941-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில், கவசம் அணிந்து தலையில் அடிபட்டவர்களாக ஏழு பேரையே காட்ட முடிந்தது. ஏழு பேரும் உயிர் தப்பியவர்கள்! அவ்வாண்டே பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் பொதுமக்களுக்கு அச்சட்டம் வர 1973 ஆயிற்று.

மலேசியாவிலும் அதே 1973-ல்தான், ஓட்டுபவருக்கும் பின்னமர்பவருக்கும் சேர்த்து, விதி பிறந்தது. மலேசியத் தரநிர்ணய வரிசையில் முதலாம் எண் தலைக்கவசத்துக்கே உரியது என்பதும் குறிப்பிடத்தக்கது. 1985-ல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. கடைவீடுகள் நெருங்கிய பழைய வீதிகளில் மோட்டார் சைக்கிளுக்குத் தனித்தடம் அமைக்க இடமேது? அங்கே கவசமே துணை.

கவசத்தின் உட்புற நுரை நசுங்குவதால் தலை நிற்கும் நேரம் சற்றே நீளுகிறது. காப்பது அந்த நொடிக்கூறுதான். ஒருமுறை நசுங்கிய நுரை மறுமுறைக்கு உதவாது. பெரியவர் கவசத்தைப் பிள்ளைக்கு மாட்டி, மோவாய்க்குக் கீழ் வாரைப் பூட்டாது விட்டால், விழும்போது தலை தரையைத் தொடுமுன்னரே கவசம் கழன்று உருண்டுவிடும்.