பெங்களூர்க் காசில் ஓர் இலக்கம்

1791 மார்ச் 21 இரவில் காரன்வாலிஸ் பிரபுவின் படை பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றியது. அடுத்த சில நாட்களில் திப்பு சுல்தானின் மௌலூதி நாட்காட்டியில் 1218 முடிந்து 1219 பிறந்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை, அதாவது ஏறத்தாழ 1219 முழுவதும், கோட்டை திப்புவின் கையில் இல்லை. எனவே பெங்களூர் அக்கசாலையின் பெயர் தாங்கிய செப்புக்காசு ஒன்றின் கடைசி இலக்கம் எட்டா, ஒன்பதா, எட்டின் மேல் வெட்டிய ஒன்பதா என்பது வெறும் சேகரிப்பாளர் ஆர்வம் அன்று. அவ்வூரில் யார் ஆட்சியில் காசு அடிக்கப்பட்டது என்னும் கேள்வி அதில் அடங்கியுள்ளது.

பழைய ஆண்டு பொறித்த அச்சில் புதிய இலக்கத்தை மேலே வெட்டிப் பயன்படுத்துவதை நாணயவியலார் ‘ஓவர்டேட்’ என்பர். எஃகு அச்சைக் கையால் செதுக்கிய காலத்தில் இது சிக்கனம். இயந்திரக் காலத்திலும் அது நின்றுவிடவில்லை; 1942க்கு அடியில் 1941 தெரியும் அமெரிக்க டைம் காசு அதற்குச் சான்று.

மைசூர்க் காசுகளில் அதற்கு முன்பே ஒரு படி உண்டு: எத்திசையில் படிப்பது? 1787இல் திப்பு ஹிஜ்ரியை விட்டு மௌலூதி ஆண்டுக்கு மாறினார். காசுகளில் 1201ஐ அடுத்து 1215 வந்தது. இலக்கங்களும் எழுத்தைப் போலவே வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. இதனை அறியாதவர் 1215ஐ 5121 எனப் படிப்பார். 1221 மட்டுமே இருபுறமும் ஒன்றாக நிற்கும். இம்முறையில் ஒன்றாம் இடத்து இலக்கம் இடக்கோடியில் அமைகிறது. தகடு அச்சைவிடச் சிறிதானால் முதலில் மறையக்கூடிய இலக்கங்களுள் அதுவும் ஒன்று.

பொன், வெள்ளிக் காசுகளில் ஒரு துணைச் சான்று உண்டு. அறுபதாண்டுச் சுழற்சியில் ஆண்டின் வரிசை எண்ணுக்கு ஈடாகும் எழுத்துகளால் ஆண்டுப்பெயர் ஆக்கப்பட்டது. முதலில் அப்ஜத் மதிப்பும், பின்னர் அகரவரிசைப்படியான அப்தத் மதிப்பும் கையாளப்பட்டன. 1218இன் பெயர் ஷிதா: ஷீன் 40, தே 3, அலிஃப் 1, கூட்டினால் 44. 1219இன் பெயர் ஸபர்ஜத், கூட்டினால் 45. பெயரும் எண்ணும் முரண்பட்டால் அங்கே அச்சு திருத்தப்பட்டிருக்கலாம். செப்பில் இத்துணை பெரும்பாலும் கிடைப்பதில்லை. 1921இல் சென்னையில் வெளியான ஹெண்டர்சனின் பட்டியல் இக்காசுகளைப் பயில்வோருக்கு இன்றும் தொடக்கப்புள்ளி.

ஐயம் எழுந்தால் சில சோதனைகள் உண்டு. எழுத்துகள் எல்லாம் இரட்டித்திருந்தால் அது இருமுறை அடிபட்ட காசு. ஓர் இலக்கம் மட்டும் இரட்டித்து, அடிக்கோட்டின் வடிவம் முந்தைய ஆண்டின் இலக்கத்தோடு பொருந்தினால் ஓவர்டேட் எனக் கருதலாம். அதே அச்சில் அடித்த இரண்டாவது காசிலும் அதே கோடு அதே இடத்தில் இருக்க வேண்டும். அவ்வாறு இல்லையெனில் அது தேய்வோ கீறலோதான். ஒற்றைக் காசை மட்டும் வைத்து ஒரு கோட்டையின் வரலாற்றைத் திருத்தி எழுதுதல் தகாது.